கதவைத் திறக்காதே, அக்கா

அம்பிளி அக்கா,

இன்று மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் வருவார். கதவைத் திறக்காதே. இன்று தையல் கடைக்கும் போகாதே. கஞ்சி மூடி வைத்திருக்கிறேன்.

ஆர்குட் இணையதளத்தில் எனக்குக் களமசேரியில் லேப் வேலை தருவதாகச் சொன்னவர். கம்பெனி பெயர் கேட்டால், "நேர்ல சொல்லலாம் மோளே" என்பார். முகவரி நான் கொடுக்கவில்லை. நேற்று, "பச்சைக் கதவு வீடுதானே? தையல் கடையிலேர்ந்து தனியா நடக்க வேண்டாம், நாளைக்கு ரெண்டு மணிக்கு வர்றேன்" என்று எழுதியிருக்கிறார்.

அப்பாவை அழைத்துவர எர்ணாகுளம் படகுக்கு ஓடுகிறேன். "வேலை தேடறியா, ஆள் தேடறியாடி?" என்று அன்று கேட்டாயே, உன்னை எழுப்பிச் சொல்லத் தைரியமில்லை.

மஞ்சு

பி.கு.: ஆர்குட்டில் என் முகத்தைப் போடக் கூச்சமாக இருந்தது. உன் போட்டோவைப் போட்டேன்.