ஃபுல் ஃப்ரேமில் ஜோதிகா கல்யாணம்

நெமிலிச்சேரி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ரெனிதாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை, தைலம் தேய்க்கச் சொன்னால் டிவி ரிமோட்டைத்தான் தேய்க்கிறார். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய், அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன், முழுசாகப் படி.

நீ அனுப்பிய ஃபுல் ஃப்ரேம் கேமராவை ஒரு மாதம் பீரோவிலேயே வைத்திருந்தேன், உண்மையைச் சொன்னால் பயம், பழசு என் கைக்கு அவ்வளவு பழகிவிட்டது. உன் சிநேகிதி ஜோதிகா கல்யாணத்துக்குத்தான் முதன்முதலாக வெளியே எடுத்தேன். அவள் அப்பா வேம்புலி, வேதக்காரப் பையனைக் கட்டினால் அந்த சர்ச் வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று பாரிவாக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாரே, நீகூட போனில் அழுதாயே, அன்றைக்கும் மனுஷரைக் காணவில்லை. மாப்பிள்ளை ஜாக்சன் பக்கத்தில் நிற்கிறான், இவள் கண் மட்டும் வாசலிலேயே இருக்கிறது.

உனக்குத்தான் தெரியுமே, பதினைந்து வருஷமாகத் தாலி கட்டும்போது நான் நிற்பது மூன்றாவது பெஞ்சின் ஓரம், அங்கே நின்று ஐம்பது எம்எம் லென்ஸைப் போட்டால் பெண், மாப்பிள்ளை, சாமியார் மூன்று பேரும் கச்சிதமாக அடங்குவார்கள். அன்றைக்கும் அதே இடம், அதே லென்ஸ், ஆனால் இந்தக் கேமராவில் பார்த்தால் மூன்று பேரும் சின்னதாகிவிட்டார்கள், சுற்றிலும் மெழுகுவர்த்தி, பூச்சாடி, பக்கத்துக் கதவு எல்லாம் தெரிகிறது. பழையதின் சின்ன சென்சார் ஓரத்தையெல்லாம் விட்டுவிட்டு நடுவை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தது என்று நீ போனில் படித்துப் படித்துச் சொன்னாய், என் மண்டையில் அப்போதுதான் ஏறியது. சரி, கிட்டே போவோம் என்று கண்ணை எடுக்காமலே ஒவ்வொரு அடியாக வைத்தேன், பீடத்துப் படி வந்ததே தெரியவில்லை. சாமியார் மைக்கிலேயே, “ரோஸியம்மா, தாலிய மாப்பிள்ள கட்டட்டும், நீங்க கொஞ்சம் பின்னால போங்க” என்றார். சர்ச்சே சிரித்தது, உன் அப்பா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மானம் போய் மூன்றாவது பெஞ்சுக்கே ஓடி, உன்னையும் உன் கேமராவையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே, வந்த வரைக்கும் வரட்டும் என்று தட்டினேன்.

சாயந்திரம் நம் போட்டோ கடையில் கம்ப்யூட்டரில் போட்டு, பழைய அளவுக்கு வரட்டும் என்று ஓரத்தை வெட்டப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்துக் கதவில், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வேம்புலி! செருப்பு கையில், கண் மகள் மேலே. எல்லாரும் தாலியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டு யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது ரெனிதா, நம் பழைய கேமராவாக இருந்தால் அவர் அதில் இருந்திருக்கவே மாட்டார்.

மறுநாளே பிரிண்ட் போட்டு ஜோதிகா கையில் கொடுத்தேன். அவள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே ஜாக்சனைக் கூட்டிக்கொண்டு பாரிவாக்கத்தில் அப்பா வீட்டுக்கே போய்விட்டாள். அங்கே வேம்புலி படத்தைத் தள்ளிவைத்து, அது நான் இல்லை, என் ஜாடையில் வேறு எவனோ என்று சாதித்தாராம். ஆனாலும் வாசலிலிருந்து விரட்டவில்லை, மாப்பிள்ளைக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்தாராம்.

நேற்று கடைக்கே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவரோ தரையைப் பார்த்துக்கொண்டு, “ரோஸிம்மா, அந்த போட்டோவ எனக்கொண்ணு பெர்சா போட்டுக் குடு. ஓரத்த வெட்டிடாத, நான் கீறது தெரியணும்” என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காப்பாற்றட்டும், சீக்கிரம் நல்ல சேதி சொல்லுங்கள். ஜோதிகாவோடு பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா நம்பருக்குப் போடு, விருந்து அங்கேதான்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ரோஸி இக்னேஷியஸ்