நான் சொல்லப் போவது

வென்டெல்,

பகல் நர்ஸ் ஆடா வந்துவிட்டார். நம் பாப்பா ஜூனியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதனால் உன்னை எழுப்பவில்லை. கிரிட்ஸ் சோளக்கஞ்சி அடுப்பில் இருக்கிறது, கொஞ்சம் பால் விட்டுச் சூடாக்கிக்கொள். கார் சாவியைத் தேடாதே. ராத்திரி நர்ஸை நிறுத்தியதை எதிர்த்து நாம் போட்ட மனுவின் விசாரணைக்கு அட்லாண்டா போகிறேன்.

"பெத்தவங்களே மூச்சு மெஷின் வைக்கக் கத்துக்கிட்டாங்களே, ராத்திரி நர்ஸ் எதுக்கு?" என்றுதானே அரசு காப்பீட்டுக்காரர்கள் நிறுத்தினார்கள்? போன வாரம் நீ அசந்துபோனதையும், அலாரம் கத்தக் கத்த ஜூனியின் உதடு நீலம் பாரித்ததையும் அங்கே சொல்லப் போகிறேன்.

"அதை மட்டும் சொல்லாத. பாப்பாவ ஹோம்ல கொண்டு போட்டுடுவாங்க" என்று நேற்று எவ்வளவு கெஞ்சினாய்! வீட்டிலேயே நர்ஸ் வைத்துப் பார்ப்பது அவளுக்குச் சட்டம் தந்த உரிமை, கேட்டதற்காகப் பிள்ளையைப் பிரிக்க முடியாது என்கிறார் வக்கீல். இருந்தாலும், பகலெல்லாம் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வந்து கண்விழித்தவனை நாலு பேர் முன்னால் குற்றவாளியாக நிறுத்துகிறேனே. மனசு ஆறவில்லை. கோபித்துக்கொள், ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

நடீன்

மறந்துவிட்டேன்: ஆடாவுக்கும் ஒரு கிண்ணம் கொடு.

இன்னொன்று. அன்றைக்கு முழித்திருக்க வேண்டியது என் முறை. தலைவலி என்று உன்னை உட்காரவைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அது என் முறை என்பதைத்தான் அங்கே முதலில் சொல்வேன்.