விட்டுப்போன நான்கு

என்னவருக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு இருமல் நின்றுவிட்டது. அத்தை வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார். நிம்மதியில்லாதவள் நான் ஒருத்திதான். உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாதீர்கள்.

பள்ளி ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி இரண்டரை. நான்கு மணிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். போனில் கூப்பிட்டால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், நானும் தலையாட்டிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

மேல்வகுப்புக்குப் பிரிவு ஒதுக்கும் தேர்வில், இரும்பும் நீராவியும் சேரும் வினையைச் சமன்படுத்தச் சொல்லி இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தேன். சரியான விடை 3Fe + 4H₂O → Fe₃O₄ + 4H₂. போன பருவத்தில் வகுப்பில் இதை எழுதிப் போட்டபோது கடைசி ஹைட்ரஜனுக்கு முன்னால் வரவேண்டிய நான்கை விட்டுவிட்டேன். விடைக்குறிப்பையும் அதே நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். இடப்பக்கம் எட்டு ஹைட்ரஜன் அணு, வலப்பக்கம் இரண்டே இரண்டு. மீதி ஆறும் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டன போலிருக்கிறது! பதினோரு வருஷமாக "ரெண்டு பக்கமும் எண்ணிப் பாத்துட்டு எழுதுங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

நாற்பது பிள்ளைகள் நான் எழுதிப் போட்டதை அப்படியே மனப்பாடமாக எழுதி இரண்டு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டார்கள். கடைசி பெஞ்சு வாயாடி ஒருத்தி மட்டும் நான்கைப் போட்டிருந்தாள். அவளுக்குத் தப்பென்று சுழி போட்டுவிட்டேன். ஒரே ஒரு மதிப்பெண்ணில் அறிவியல் பிரிவு அவள் கையைவிட்டுப் போகிறது. நேற்று விடைத்தாளோடு வந்து, "மிஸ், நான் எண்ணித்தான் போட்டேன். நீங்களும் ஒரு தடவ எண்ணிப் பாருங்களேன்" என்றாள். நான் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று எல்லோர் முன்னாலும் சீறினேன். அந்த வாயாடி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாள். அதுதான் என்னைக் குடைந்தது. சாயங்காலம் உட்கார்ந்து எண்ணினேன். வெட்கமாக இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்.

இன்று காலை தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, "பிரிவு லிஸ்ட் நாலு மணிக்கு மேலிடத்துக்குப் போயிடும். மாத்தணும்னா தப்பு உங்களோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அந்தக் காயிதம் உங்க ஃபைல்ல ஏறும். வேலை நிரந்தரமாகப் போற நேரத்துல இது தேவையாம்மா?" என்று கேட்டார்.

தேவையா என்று நானும் மத்தியானம் முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கு வேலை நிரந்தரமானால் நீங்கள் அங்கே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவீர்கள். அந்தக் கொதிகலன் அறைச் சூட்டில் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியாதா? சின்னவள் உங்களைப் போன் திரையில் மட்டுமே பார்த்து வளர்கிறாள், அது தெரியாதா? அவர் கேட்ட காகிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

மணி மூன்று ஐம்பது. கொடுத்துவிட்டேன். பிழை என்னுடையது, மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் கைவைக்க வேண்டாம், இவளுக்கு உரியதைக் கொடுங்கள் என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பட்டியலை எடுத்துத் திருத்தினார். நாளை வகுப்பில் அவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

உங்களைக் கேட்காமல் உங்கள் இரண்டு வருஷத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். கோபம் வந்தால் நன்றாகத் திட்டி எழுதுங்கள். ஒரு பக்கம் முழுக்கத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி