நீ நிறுத்தாத இடம்

என் மதினி, என் கூட்டாளி மும்தாஜுக்கு,

உனக்கு ஸலாம். கப்ரில் அடங்கியவர்களுக்கும் ஸலாம் சொல்லலாம், அது போய்ச் சேரும் என்று நமக்கு ஓதச் சொல்லித்தந்த ஆலிமா சொன்னாள். அதனால் சொல்கிறேன். சுகமா என்று கேட்க மாட்டேன். இங்கே நடப்பதை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன்னைக் கொன்றவனுக்கு எதிராக நான் சாட்சி. அவன் என் கூடப் பிறந்த அண்ணன்.

போன வெள்ளிக்கிழமை அவன் வந்தான். ஜாமீனில் தாணேயில் மாமா வீட்டில் இருக்கிறான். தாராவிப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது, அவன் கால் நம் தெருவில் இருக்கிறது. நான் கூலிக்கு வந்த பர்ஸுகளுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தேன். முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனான். உங்கள் மாடியறைக்கு ஏறும் இரும்பு ஏணியின் கடைசிப் படியில் என் கன்னத்தை வைத்து அழுத்தினான்.

"இங்கனதான் விழுந்தா. சொல்லுட்டி. வழுக்கி விழுந்தான்னு சொல்லு."

வாயெல்லாம் துருவின் ருசி. அவன் பெருவிரல் என் உதட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கடித்தேன். எலும்பு தட்டுகிற வரைக்கும் கடித்தேன், மதினி. அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மராத்திக்காரி வெளியே வந்தாள். கையை உதறிக்கொண்டு ஓடினான். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். முன்னொரு நாள் சப்பாத்திக் கட்டையால் அவன் முழங்கையில் ஒன்று போட்டேனே, அன்றைக்கு உதடு வீங்கியிருந்தும் நீ சிரித்தாய். "இன்னும் ரெண்டு போட்டா என்னட்டி, இதுலயும் கஞ்சத்தனமா?" என்றாய்.

உம்மா என்னோடு பேசுவதில்லை. பேசினால் ஒரே பேச்சுதான். "போனவ போயிட்டா. இருக்கவனையும் உள்ள தள்ளிட்டு நீ என்னத்த அள்ளப் போற?" நேற்று சோற்றுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். பெற்ற வயிறு, எரியத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உன்னையும் ஒரு வயிறு பெற்றதுதானே?

குர்ஆனை எழுத்துப் பிசகாமல் ஓத நாம் தஜ்வீத் படிக்கப் போன முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பை தைக்கிற கார்கானாவுக்கு மேலே அந்தத் தகர அறை. கீழே மெஷின் ஓடும், மேலே நாம் ஓதுவோம். சின்ன வயதில் நாம் படித்ததெல்லாம் ஓட்டமாக ஓதி முடிப்பதுதான், கிளம்புகிற லோக்கல் ரயிலில் தொற்றி ஏறுகிற மாதிரி. ஆலிமா நம்மைவிட எவ்வளவோ இளையவள், அக்கா முறை வைத்து லாத்தா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் விடமாட்டாள். எல்லோரையும் ஒரு கைக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னாள். எந்த எழுத்து அடித்தொண்டையில் பிறக்கிறது, எது நாக்கு நுனி மேல்பல்லின் விளிம்பைத் தொட்டால் வருகிறது, எது உதட்டில் என்று கண்ணாடியில் பார்த்துப் பழக வேண்டும்.

பல் தொடுகிற எழுத்துகள் உனக்கு வரவில்லை. வெறும் காற்று வந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம், நீயும் வழக்கம்போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "லாத்தா, வாய நல்லாத் தொறங்க" என்று ஆலிமா உன் தாடையைப் பிடித்தாள். நீ தலையை ஆட்டி மறுத்தாய். பிறகு திறந்தாய்.

முன்பல் ஒன்று பாதியில் முறிந்திருந்தது. ஈறு கறுத்துக் கிடந்தது. உள்கன்னம் பிய்ந்து தொங்கியது. அவன் உன்னை அடிப்பான் என்று தெருவுக்கே தெரியும். வாய்க்குள்ளே அவன் செய்து வைத்திருந்தது கீழ்வீட்டில் இருந்த எனக்கே தெரியாது. பட்டறையில் பெல்ட் வெட்டுகிறவன், பெல்ட்டின் இரும்புப் பக்கிளை உன் வாயில் அடித்துப் பார்த்திருக்கிறான். எந்த டாக்டரிடமும் திறக்காத வாயை அந்த எழுத்துக்காகத் திறந்தாய்.

ஆலிமா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். "போலீசுக்குப் போவோம் லாத்தா, நான் கூட வாரேன்" என்றாள். "போயிட்டு எங்க திரும்பி வர?" என்று நீ கேட்டாய். ஆலிமா கண்ணாடியை நிமிர்த்தி மறுபடி உன் கையில் கொடுத்தாள்: "பக்கத்துப் பல்லுல புடிச்சுப் பாப்போம். வரும்." வந்தது. நீ வர வைத்தாய்.

அதற்குப் பிறகு உனக்குப் பிடித்த பைத்தியத்தை என்ன சொல்ல? பாத்திரம் கழுவும்போது ஓதினாய், தண்ணீர் வரிசையில் முணுமுணுத்தாய். அவன் மேலே இருந்து, "ஒட்டகம் கத்துது பாரு, வாய மூடு சாலி" என்று இந்தி வசவும் சேர்த்துக் கத்துவான். எதையோ எறிவான். நீ நிறுத்த மாட்டாய். "என்ட்ட இருக்க எல்லாத்தையும் புடுங்கிக்கிடட்டும் நூரு. இத எப்படிப் புடுங்குவான்? இது மூச்சுல்லா" என்றாய்.

பிடுங்கினான், மதினி.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து நீ மேலே ஓத உட்கார்ந்தாய். மறுநாள் ஆலிமாவிடம் ஒப்பிக்க வேண்டிய பகுதி. பலகைத் தரைதானே, நீ ஓதுவது கீழே என் தலைக்கு மேல் அப்படியே கேட்கும். நான் ஜிப் வைத்துக்கொண்டே உன்னோடு வாயசைத்தேன். அவன் ஏணியில் ஏறிப் போவதைப் பார்த்தேன். நீ நிறுத்தவில்லை. அந்த நீளமான வசனத்தில், அந்த ஆயத்தில், குரலை நீட்ட வேண்டிய எழுத்தில் நீ நீட்டத் தொடங்கினாய். பாதி நீட்டலில் குரல் அறுந்தது. பலகையில் ஏதோ மோதியது. இன்னொரு தடவை மோதியது. மேலிருந்து தூசி என் மடியில் கொட்டியது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வெளியே ஓடுவதற்குள், ஏணி முழுவதும் அதிர்ந்து, நீ கீழே வந்து கிடந்தாய். தொழுகைக்குப் போட்ட வெள்ளைத் துப்பட்டி தலையிலேயே இருந்தது. அது நனைந்து சிவந்தது.

"ஓதி முடிச்சுட்டுத் தண்ணி எடுக்க எறங்குனா. வழுக்கிட்டா." போலீசிடம் அவன் சொன்னது இதுதான். தலைக்காயம் விழுந்தாலும் வரும் என்று டாக்டரும் எழுதிவிட்டார். தாராவியில் ஏணியில் விழாதவர் யார்?

அவனுக்குத் தஜ்வீத் தெரியாது. அதனால்தான் 'முடிச்சுட்டு' என்று சொல்லி மாட்டிக்கொண்டான். மூச்சு முட்டினாலும் ஒரு சொல் முடிந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். சொல்லின் நடுவில், அதுவும் நீட்டலின் நடுவில், யாரும் நிற்க மாட்டார்கள். அப்படித் தவறி நின்றுவிட்டால் கொஞ்சம் பின்னால் போய், அங்கிருந்து சேர்த்து ஓதி வர வேண்டும். நீ பின்னால் போகவில்லை. நீ முடிக்கவே இல்லை. இதை எழுத வந்த போலீஸ் ஹவல்தாரிடம் சொன்னேன். "கிர் கயீ நா? பஸ்" என்று, நீ கிடந்த இடத்தைப் பற்றி எழுதிய பஞ்சநாமாவை மூடினான். விழுந்துவிட்டாள், அவ்வளவுதான், அவனுக்கு.

நமக்காக நிற்கிற வக்கீலம்மாவுக்கு கிங்ஸ் சர்க்கிளில் ஆபீஸ். மாட்டுங்காத் தமிழர், நல்லவர். அவரும் முதலில் தலையைச் சொறிந்தார். "நீ சொல்றது புரியறதும்மா. ஆனா இருமல் வந்து நிறுத்தியிருப்பான்னு அவா வக்கீல் சொல்லுவார். ஜட்ஜுக்கு எப்படிப் புரிய வைக்கறது?"

"ஓதிக் காட்டுதேன்" என்றேன்.

முக்காட்டை இழுத்துவிட்டு, அந்த ஆயத்தை முதலிலிருந்து ஓதினேன். வெளியே பஸ் ஹாரன். நீட்டலுக்கு வந்தேன். நீ அறுந்த இடத்தில் நானும் அறுத்தேன்.

அவர் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். "என்னாச்சு? என்னம்மா ஆச்சு?" என்றார். அரபியில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர் அவர். அன்றைக்கு நான் கையில் ஜிப்போடு, மேலே பார்த்துக் கேட்டதும் அதைத்தான்.

அவர் குனிந்து பேனாவை எடுத்தார். பிறகு, "இதையே கோர்ட்ல செய். நான் அனுமதி கேக்கறேன்" என்றார். நான் பின்னால் போய் மீதியை ஓதி முடித்திருக்க வேண்டும். முடியவில்லை. அழுகை இல்லை மதினி, ஆத்திரம். அந்த மேஜைக் கண்ணாடியை உடைக்க வேண்டும்போல இருந்தது. அவன் பல்லை ஒவ்வொன்றாக உடைத்து, இப்போது ஓதுடா என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. இதை ஆலிமாவிடம் சொன்னேன். கண்டிப்பாள் என்று நினைத்தேன். "மொதல்ல திங்கக்கிழமைய முடிங்க லாத்தா" என்றாள்.

முடிப்பேன். உம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவன் கட்டுப்போட்ட விரலோடு என்னையே பார்ப்பான். பார்க்கட்டும். நான் ஓதி, நீ அறுந்த இடத்தில் நிற்பேன். அந்த அறையே என்ன ஆச்சு என்று கேட்கட்டும். ஜட்ஜின் கண்ணைப் பார்த்து, இங்கேதான் அடித்தான் என்று சொல்வேன். அதற்குப் பிறகு யார் போதும் என்றாலும் கேட்க மாட்டேன். கொஞ்சம் பின்னால் போய், மூச்சை இழுத்து, அந்த நீட்டலை முழுசாக நீட்டி, உன் ஆயத்தை முடித்து வைத்துவிட்டுத்தான் கூண்டை விட்டு இறங்குவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கோர்ட் காகிதத்தில் என்னைக் குற்றவாளியின் தங்கை என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே யார் கேட்டாலும் நான் சொல்லப் போவது இதுதான்:

மும்தாஜின் நாத்தனார்,
நூர்ஜஹான்