எந்த வெள்ளி இரவு

கண்டி
26.1.1931

அன்புள்ள மஹ்மூத் நானாவுக்கு,

வீரய்யா எழுதிக்கொள்வது. இரத்தினம்மாவும் பிள்ளைகளும் சுகம். எனக்குத்தான் தூக்கம் தொலைந்துபோயிற்று. படுத்தால் கோழி கூவும்வரை கூரையைப் பார்த்துக் கிடக்கிறேன். பகலில் கந்தோரில் கணக்கு எழுதும்போதே கண் சொருகுகிறது. இன்னொரு தரம் தூங்கினால் வேலையை மறந்துவிடு என்று பெரியவர் சொல்லிவிட்டார். பயமாக இருக்கிறது.

போன வாரம் உங்கள் கடைக்குச் சாமான் வாங்க இங்கே வந்த நீங்கள், நோன்போடு கொழும்பு வீதியில் அரிசி மூட்டை ஏற்றியதைப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் படாத வாயில் அவ்வளவு சிரிப்பு. மூன்று வேளையும் தின்கிற நான் பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றேன். அசந்துபோனேன், நானா. இது என்ன வித்தை?

அன்புடன்,
வீரய்யா

பன்வில
31.1.1931

அன்புத் தம்பி வீரய்யாவுக்கு,

ஆண்டவன் கிருபையால் நாங்கள் சுகம். வித்தை ஒன்றும் கிடையாது. கந்தோர் விட்டதும் உனக்குச் சீட்டாட்டம், பத்து மணிக்குச் சோறு, அதன்மேல் ஒரு காப்பி. வயிற்றை வேலைக்கு அனுப்பிவிட்டுக் கண்ணை மட்டும் தூங்கச் சொன்னால் கேட்குமா? எங்களுக்குப் பொழுது பட்டதும் ஈத்தம்பழம், கஞ்சி. தொழுதுவிட்டுப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு உடம்பே எழுப்பிவிடும்.

எழுதினால் உனக்கு விளங்காது. வரும் வெள்ளி இரவு நோன்பு துறக்க எங்கள் வீட்டுக்கு வா. உன் மதினி றலியா நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் ஆக்கப் போகிறா. ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம்.

உன் நானா,
மஹ்மூத்

பன்வில
6.2.1931, காலை

வீரய்யாவுக்கு,

நேற்றுப் பாங்கு சொன்ன பிறகும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி பஸ்ஸும் போயிற்று. உனக்கென்று ஆக்கியதை அயல் வீடுகளுக்குக் கொடுத்தோம். "நம்மட சஹன்ல கை வைக்க அவருக்கு மனசில்லையோ?" என்று றலியா கேட்டா. இருபது வருஷப் பழக்கம். வர இஷ்டமில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இனிக் கூப்பிடமாட்டேன்.

மஹ்மூத்

கண்டி
10.2.1931

அன்புள்ள நானாவுக்கு,

சனிக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து வந்து இறங்கினால், உங்கள் கோபம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரத்தினம்மா அதைப் படித்து அழுதுகொண்டிருந்தாள். நீங்கள் அங்கே எனக்குச் சொன்னபடி, உங்களுக்கு வியாழன் பொழுது பட்டாலே வெள்ளி இரவாம், எங்களுக்குத்தான் வெள்ளி விடிந்து முடிய வேண்டும் என்று அவளுக்கு விளக்கிச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

உண்மையைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நான் கறி தொடாதவன் என்பதை நானா மறந்துவிட்டார், வெறுஞ்சோறாவது சாப்பிட்டு வருவோம் என்றுதான் பஸ் ஏறினேன். என்னைக் கண்டதும் மதினி திகைத்துப்போய், "கறியெல்லாம் முடிஞ்சி, வெறுங்கஞ்சிதான் ஈக்கி" என்றார். அதில் இரண்டு கோப்பை குடித்தேன். நீங்கள் தொழப் போனதும் வாங்குப் பலகையில் சாய்ந்தேன். கண் விழித்தபோது முற்றத்தில் வெயில். நீங்கள் சஹருக்கு எழுந்ததுகூடத் தெரியாது. சொன்ன நாளில் வந்து நெய்ச்சோற்றை ஒரு கை பார்த்திருந்தால் அப்படித் தூங்கியிருப்பேனா?

இங்கும் இப்போது பொழுது பட்டதும் கஞ்சிதான். சீட்டாட்டக்காரர்களுக்கு என்மேல் வருத்தம். நேற்றுக் கந்தோரில் பெரியவர் என் தெளிந்த முகத்தைப் பார்த்து, "ஊருக்குப் போய் வந்தீரா?" என்று கேட்டார். உங்கள் வாழ்க்கை முறையை நினைத்து மனதுக்குள் கும்பிட்டேன்.

இனிக் கூப்பிடமாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள். சரி, கூப்பிடாமலே வருகிறேன், இரத்தினம்மாவோடு. இந்தத் தடவை உங்கள் வெள்ளி இரவுக்கு. எங்களுக்கு அன்று வியாழன், கறிக்குத் தடையில்லை. உங்கள் சஹனில் முதல் கை என்னுடையது. மதினி பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

என்றும் உங்கள் தம்பி,
வீரய்யா