சூட்டுக் கொப்புளம்

1932 மார்ச் 6, லாபிஸ், மலாயா

விடியலில் மழை. இன்று ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டவில்லை. கணக்கெழுதும் கிராணியான எனக்கும் ஆபீஸ் இல்லை. அந்த இடத்தில் மறுபடியும் சூட்டுக் கொப்புளம். நாலைந்து, கொத்தாக. சிங்கப்பூரில் வேலை பார்த்த நாளிலிருந்தே வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறது. இளநீர் குடித்தேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்க என் பெண்டாட்டி செல்லம் வெந்நீர் போட்டுத் தந்தாள்.

மார்ச் 15

செல்லத்துக்குக் காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது.

மார்ச் 17

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆயா உள்ளே பார்த்துவிட்டு வந்து, கீழே எல்லாம் புண், ஒன்றுக்குப் போகவே அழுகிறாள் என்றாள். அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் சபாபதி இரத்தம் எடுத்துக்கொண்டார். எதற்கு இரத்தம்? அந்த இடத்தில் புண் என்றால் மேகநோய்தான், யாருக்குத் தெரியாது! கல்யாணமாகி ஏழே மாதம். யார் அவன் என்று கேட்டேன்.

"உங்களத் தவிர எனக்கு யாரத் தெரியும்?" என்றாள். நடிப்பு. சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தேன்.

மார்ச் 19

ரயிலில் குளுவாங், அங்கிருந்து காரில் சிம்பாங் ரெங்கம். அவள் அண்ணன் ஐயாசாமியின் மளிகைக் கடையில் கொண்டுபோய் விட்டேன். ஆட்கள் நிற்கும்போதே சொன்னேன், உன் தங்கச்சி கெட்ட நோய்க்காரி, நீயே வைத்துக்கொள் என்று. துணி மூட்டையோடு நின்றாள். நல்லா வேணும்.

மார்ச் 20

துரோகி.

ஏப்ரல் 2

சபாபதி ஆபீசுக்கே வந்தார். இரத்தத்தில் மேகநோய் இல்லையாம். அன்று ஆயா பார்த்துச் சொன்ன அடையாளங்களை வைத்துச் சொல்கிறாராம், இது வேறு, ஹெர்ப்பிஸ் என்று பெயர். கொப்புளம் கொத்தாக வரும், உடைந்து புண்ணாகும். முதல் தடவைதான் காய்ச்சலும் நெறியும் பாடாய்ப் படுத்தும். இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறும். ஆனால் உடம்பை விட்டுப் போகாது, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். தீர்க்கிற மருந்து இல்லை. உப்புத் தண்ணீரில் கழுவி ஈரமில்லாமல் வைக்க வேண்டியதுதான். புருஷன் பெண்டாட்டி சேரும்போது ஒட்டும். கொப்புளம் இருக்கிற நாளில் கட்டாயம் தள்ளிப் படுக்க வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாதபோதும் சில சமயம் ஒட்டிவிடுமாம்.

"கிராணியாரே, உங்களுக்கு அந்த மாதிரி வந்ததுண்டா?"

இல்லை என்றேன். கோபமாகவே சொன்னேன். எனக்கு வருவது சூடு.

ஏப்ரல் 3

சூடா?

மார்ச் 6-ஐத் திருப்பிப் படித்தேன். 'கொத்தாக.' என் கையெழுத்துதான். அதற்கு இரண்டு நாள் கழித்து அவளோடு படுத்தேன். அதை மட்டும் எழுதவில்லை.

எனக்கு வந்தா சூடு, இளநீர். அவளுக்கு வந்தா கெட்ட நோயா? படுபாவி! யார் அவன், யார் அவன்னு அவளப் போட்டு உலுக்கினியே — நீதாண்டா அவன்.

ஏப்ரல் 10

சிம்பாங் ரெங்கம். செல்லம் வெளியே வரவில்லை. உள்ளிருந்தே, "கடையில ஆள் இருக்கறப்ப சொன்னீங்க. அதே மாதிரி சொல்லுங்க," என்றாள்.

அரிசி வாங்க நாலு பேர் நின்றார்கள். நோய் என்னுடையது, அவளுக்கு நான்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். ஐயாசாமி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தனியாகத்தான் திரும்பினேன்.

மே 29

ஐயாசாமி செல்லத்தைக் கொண்டுவந்து விட்டுப் போனார். வாசலோடு திரும்பிவிட்டார்.

ஆகஸ்ட் 21

காலையிலிருந்து அந்த இடத்தில் நமைச்சல். கொப்புளம் இன்னும் தெரியவில்லை. இங்கே எழுதும் முன் செல்லத்திடம் சொன்னேன். அவள் என் பாயைச் சுருட்டி எடுத்துக் கூடத்தில் போட்டாள்.

வெந்நீர் நானே போட்டுக்கொண்டேன்.