தட்டாத கை

அன்புள்ள என்னவருக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கப்பலுக்குப் போன் எட்டவில்லை. உங்கள் அலுவலகத்தில் சொல்லி இதை அனுப்புகிறேன். நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள்.

நம் குண்டுப்பாப்பாவுக்கு மூளைக்காய்ச்சல். நான்கு நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறோம். தலையெல்லாம் பசை தடவி இருபத்தொரு ஒயர் ஒட்டி, மேலே துணி சுற்றியிருக்கிறார்கள். மூளை எப்படி வேலை செய்கிறது என்பது பக்கத்துத் திரையில் கோடு கோடாக ஓடுகிறது. எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

நேற்று மதியம் அசையாமல் தூங்கினாள். அப்பாடா என்று நானும் சாய்ந்தேன். நர்ஸ் ஓடி வந்தார். வலிப்பாம். உடம்பு துளிகூட வெட்டி இழுக்கவில்லை, கோட்டில்தான் தெரிந்ததாம். மருந்து ஏற்றி நிறுத்தினார்கள். அதிலிருந்து அவள் சும்மா கிடந்தாலே நர்ஸைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

இன்று காலை கோடுகள் மறுபடி குதித்தன. டாக்டர் மறுபடி வலிப்பு மருந்தை ஏற்றத் தயார்செய்யச் சொல்லிவிட்டார். இன்னொரு முறை கொடுத்தால் மூச்சுக்குக் குழாய் வைக்க வேண்டிவரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்போது ஒயர் ஒட்டும் அக்கா என்னைப் பார்த்து, "கொஞ்சம் கைய எடுங்கம்மா" என்றார். எடுத்தேன். கோடு அடங்கிவிட்டது. எனக்கே தெரியாமல் அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த ஆட்டம்தான் திரையில் வலிப்பு மாதிரி வந்ததாம். தட்டினால்தான் தூக்கம் என்று பழக்கிவிட்டுக் கப்பலேறிய புண்ணியவான் நீங்கள்தானே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேற்று வந்த வலிப்பும் என் கைதானா என்று அக்காவிடம் கேட்டேன். கட்டிலுக்கு மேலே கேமரா இருக்கிறது. அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். என் இரண்டு கையும் என் மடியில் இருந்தன. "உங்க கைதாம்மா" என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று எவ்வளவு வேண்டிக்கொண்டேன் தெரியுமா. என்மேல் தப்பு என்றால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று ஆகியிருக்கும்.

தொடலாம், தட்டக் கூடாது என்கிறார்கள். தொட்டால் தட்டாமல் இருக்க எனக்கு வராது. கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்றுதான் இவ்வளவு எழுதினேன். எழுத வேறு ஒன்றும் இல்லை, ஆனால் முடிக்கப் பயமாக இருக்கிறது. எந்தத் துறைமுகமானாலும் இறங்கி வந்துவிடுங்கள். வந்து என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா